எதிர் நாற்காலியில் கோமதிநாயகம்

கணக்கு முடங்கிய செய்தி வந்தபோது கோமதிநாயகம் பீளமேட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பெட்டிமேல் நின்று, பெட்டி ஏறி இறங்கும் கைடு ரெயிலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அந்த வேலையில் இருக்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் ‘சந்திப்போம்’ என்கிற துணை தேடும் செயலியின் மணி அடித்தால் மட்டும் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும். நிறைமதியாக இருக்கும் என்று நினைத்தான். இல்லை. ‘உங்கள்மீது வந்த புகாரின் பேரில் கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. எதிர் நாற்காலிப் பயிற்சிக்குச் சம்மதமா?’ என்று இருந்தது.

கோபத்தில் கை தவறி, எண்ணெய்க் குப்பி இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது.

“டேய் மாப்ள, என் மண்டையப் பொளக்கப் பாத்தியே!” என்று கீழேயிருந்து அன்வர் கத்தினான்.

அன்வர் அவனுடைய கூட்டாளி. இருவரும் சேர்ந்துதான் கோயம்புத்தூர் முழுக்க லிஃப்ட் பார்க்கிறார்கள். அன்வர் உக்கடத்துக்காரன், கல்யாணமானவன், எதையும் ஒரு டீயோடு மறந்துவிடுகிறவன். கோமதிநாயகம் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவன், முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாதவன், எதையும் மறக்கத் தெரியாதவன். செயலியில் அவன் பெயர் ‘நாயக்’. உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டிருந்தான். படத்தில் அவன் சாய்ந்து நிற்கிற பைக் அன்வருடைய மச்சானுடையது. எல்லோரும் செய்வதுதானே என்று கேட்டால் மறுப்பதற்கில்லை, எல்லோரும்தான் செய்கிறார்கள். அதனால்தான் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கொட்டாவி விடுகிறார்கள்.

நிறைமதி மட்டும் கொட்டாவி விடாமல் பதில் எழுதினாள். சாயிபாபா காலனியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தித் தரும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே அவளுக்கு வேலை. தன் வேலையைப் பற்றி அவள் எழுதினால் படித்துக்கொண்டே இருக்கலாம். கருவி மாட்டிக்கொண்டு முதல்முறை வராந்தாவில் நடந்த ஒரு பெரியவர், தன் செருப்புச் சத்தத்தையே கேட்டுவிட்டு, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். அதைப் படித்துவிட்டு கோமதிநாயகம் ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். ‘ஒரு ஞாயித்துக்கிழமை காபி குடிக்கலாமா?’ என்று கேட்டது அவள்தான்.

அந்த ஞாயிறு வருவதற்குள் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வேலை செய்கிற கட்டடத்தின் லிஃப்ட் தன் கம்பெனியின் பராமரிப்பில்தான் இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டான். அன்வருக்குத் தனியாகப் போட்டிருந்த அந்தக் கட்டடத்தின் வேலையை, பல் வலி, பக்கத்தில்தான் டாக்டர் என்று ஒரு பொய் சொல்லித் தனக்கு மாற்றிக்கொண்டான். பெட்டிமேல் நின்று வேலை பார்த்தவனுக்குக் காற்றோட்டக் கம்பி வழியாக உள்ளே ஏறியவளின் பச்சைத் துப்பட்டா தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் அவளோடு போனான். இறங்கியதும் எழுதினான்: ‘இப்ப நீங்க வந்த லிஃப்ட்டுக்கு மேல நின்னது நான்தான்! பச்சை உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு. சாப்டீங்களா?’

எவ்வளவு அழகான ஆச்சரியம் கொடுத்துவிட்டோம் என்று அன்று முழுக்க மிதந்தான். அவள் ‘ஓ’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அப்புறம் ‘இந்த வாரம் கொஞ்சம் வேலை’ என்றாள். அப்புறம், ‘என்னை சேலம் பிராஞ்சுக்கு மாத்தியிருக்காங்க, மாசக் கடைசில போறேன்’ என்றாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவன் காலை, மதியம், மாலை என்று சாப்பிட்டாளா என்று விசாரித்துக்கொண்டே இருந்தான். மாசக் கடைசிக்குள் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவன் கணக்கு. அந்த நேரத்தில்தான் எவளோ ஒருத்தி புகார் கொடுத்து வாசலை அடைத்துவிட்டாள்.

உதவி எண்ணுக்கு அடித்தான். தமயந்தி என்று ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயதுக் குரல், மூக்கடைப்பு வேறு.

“சொல்லுங்க சார். எதிர் நாற்காலி பத்தி விளக்கம் வேணுமா?”

“விளக்கம் வேண்டாம் மேடம், கணக்கத் திறந்துவிடுங்க, போதும். யாரு புகார் கொடுத்தது?”

“அதச் சொல்லக் கூடாது சார்.”

“என்ன தப்பு பண்ணுனேன்னாவது சொல்லுங்க. ஒரு கெட்ட வார்த்தை பேசுனது கிடையாது. அசிங்கமா ஒரு படம் அனுப்புனது கிடையாது. சாப்டீங்களான்னு கேக்குறது குத்தமா?”

“நாங்க சொன்னா யாருக்கும் விளங்க மாட்டேங்குது சார். அதனாலதான் சட்டத்துலயே இந்தப் பயிற்சியக் கொண்டுவந்தாங்க. உங்களுக்கு ஒரு பொண்ணோட கணக்கு கொடுப்போம். பேரு சுடர். அந்தக் கணக்குக்குப் பத்துப் பேர் எழுதுவாங்க. நிஜ ஆளுங்க இல்ல. ஆம்பளைங்க இந்தச் செயலில எழுதினத எல்லாம் படிக்க வச்சு, கம்ப்யூட்டர் உண்டாக்கின ஆளுங்க. நிழல்னு சொல்லுவோம். பேரு, ஊரு, வேலையெல்லாம் மாத்திடுவோம். பேச்சும் புத்தியும் அப்படியே இருக்கும்.”

“அதுல நானும் இருப்பேனா?”

“நீங்களும் இருப்பீங்க.”

“எது நான்னு கண்டுபிடிக்கணுமாக்கும்?”

“அதெல்லாம் வேண்டாம். கொஞ்ச நாள் பேசிப் பாத்துட்டு, ஒவ்வொருத்தரையும் சந்திக்கலாமா, வேண்டாமான்னு அழுத்தணும். ஒருத்தரையாவது சந்திக்கலாம்னு சொன்னா அன்னிக்கே உங்க கணக்கு திறந்திடும். எல்லாரும் வேண்டாம்னு சொன்னா, நாங்க பாத்துத்தான் முடிவு பண்ணுவோம். அதுக்கு நாளாகும்.”

கோமதிநாயகத்துக்கு அப்பாடா என்றிருந்தது. தன்னைத் தானே தேடிப் பிடித்து, தனக்குத் தானே சம்மதம் சொல்லிக்கொள்ள வேண்டும். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? திரையில் நீளமாக ஓடிய நிபந்தனைகளை அவன் படிக்கவில்லை. பயிற்சி முடியும்வரை போனின் கேமராவையும் இருப்பிடத்தையும் பயன்படுத்திக்கொள்வோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

டீ ஆறுவதற்குள் சுடருக்குக் கடிதங்கள் கொட்டிவிட்டன. ஒருவன் ‘ஹாய்’ என்றான். பதில் இல்லையென்றதும் ‘ஹாய்’ என்றான். மறுபடியும் ‘ஹாய்’. இன்னொருவன் எடுத்த எடுப்பிலேயே ‘டியர்’ என்று கூப்பிட்டு, நம்பர் கேட்டான். ஒருவன் யாருடையதோ ஒரு காரில் கை வைத்து நின்றான். ஒருவனுடைய படத்தில் ஏழு பேர் இருந்தார்கள், அதில் அவன் எவன் என்று கடைசிவரை சொல்லவேயில்லை. ஒருவன் சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், என்ன ஆளுங்க, சம்பளம் எவ்வளவு என்று பெண் பார்க்க வந்த பெரியப்பா மாதிரி வரிசையாகக் கேட்டான். ஒருவன் கவிதை எழுதினான். அதில் நிலவு இரண்டு தடவை வந்தது. ஒருவன் தன் பழைய காதலியைத் திட்டியே நாலு பத்தி எழுதிவிட்டு, ‘நீங்க அப்படி இல்லன்னு நினைக்கறேன்’ என்று முடித்திருந்தான். ஒருவன் சுடர் சிரிக்காமல் படம் போட்டிருப்பது பிடிக்கவில்லை என்றான்.

“இங்க பாருலே அன்வரு, இவனுகளப் பாரு!” என்று கோமதிநாயகம் போனைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். “இப்பிடி எழுதுனா எவ பதில் சொல்லுவா? கொஞ்சமாவது மூள வேண்டாமா?”

“உன்னோடது எதுடா?”

“இரு, தேடிட்டு இருக்கேன்.”

கூட்டத்தில் ஒருவன், ‘உங்க படத்துல பின்னாடி மழை வரப்போற வானம் தெரியுது. எந்த ஊருங்க அது?’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். பெயர் கபிலன். கோமதிநாயகம் அதைப் பார்த்தான், பிறகு பதில் சொல்லலாம் என்று திரையைத் தள்ளிக் கீழே போனான். போனவன் திரும்பி வரவில்லை. கபிலனும் அதற்கப்புறம் எழுதவில்லை.

பத்தாவதாக வந்தான் அருள். ‘வணக்கம் சுடர். நான் டைம்பாஸுக்கு வந்தவன் இல்ல. மனசுல பட்டதப் பேசறவன். சாப்டீங்களா?’

கோமதிநாயகம் துள்ளிவிட்டான். இது அவனேதான்! டைம்பாஸுக்கு வந்தவன் இல்லை என்பது அவன் வழக்கமாகத் தொடங்குகிற வரி. அருளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற வேலை என்று மாற்றியிருந்தார்கள். மற்றபடி அச்சு அசல். மற்ற ஒன்பது பேருக்கு நடுவில் எவ்வளவு கண்ணியமாக நிற்கிறான் பார் என்று பெருமையாக இருந்தது. ‘சந்திக்கலாம்’ பொத்தானைத் தேடினான். அது சாம்பல் நிறத்தில் கிடந்தது. சில நாள் பேசினால்தான் பச்சையாகும்.

சரி, நம்மோடு நாம் பேசிக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று ஆரம்பித்தான்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. ‘சாப்டேன், நீங்க?’ என்று சுடராக எழுதினான். அருள் தான் சாப்பிட்ட இட்லியைப் பற்றி எழுதினான். மதியம் மறுபடி கேட்டான், சாப்டீங்களா என்று. மாலையில் டீ குடிச்சீங்களா என்று. மறுநாள் காலையில் காந்திபுரத்தில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே ஒரு டாக்டரம்மா மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும்போது பையில் மணி அடித்தது. ‘சாப்டீங்களா?’ அவரை வெளியே எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் மணி இன்னும் இரண்டு தடவை அடித்தது. ‘பிசியா?’ ‘நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?’

“அட, வேலையா இருப்பாங்கன்னு ஒரு நினைப்பு வேண்டாமா?” என்று அவன் முணுமுணுத்தான்.

“யாரு?” என்றான் அன்வர்.

“ஒருத்தருமில்ல.”

ஆனாலும் அருளுக்காக அவன் தனக்குள் வாதாடினான். பாவம், அக்கறையில்தானே கேட்கிறான். தனியாக இருக்கிறவன். பதில் வராவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஆகையால் பதில் எழுதினான். ஒரு பதில் எழுதினால் மூன்று வந்தது. இரண்டு வார்த்தையாகக் குறைத்தான். அதுவும் முடியாமல் போனபோது, ‘இந்த வாரம் கொஞ்சம் வேலை’ என்று எழுதி அனுப்பினான். அனுப்பிய பிறகு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயோ படித்த வரியாக இருந்தது. எங்கே என்று யோசிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

‘ஆன்லைன்ல இருக்கீங்க. ஆனா எனக்கு மட்டும் பதில் இல்ல’ என்று அருள் எழுதினான். கொஞ்சம் பொறுத்து, ‘பரவால்ல, நீங்க நல்லா இருந்தா போதும்’ என்றான். இன்னும் கொஞ்சம் பொறுத்து, ‘சாப்டீங்களா?’

மணிச் சத்தத்தையே கேட்கப் பிடிக்காமல் போயிற்று. சத்தத்தை நிறுத்தினால் பை அதிர்ந்தது. அதிர்வையும் நிறுத்தினால், வந்திருக்குமோ என்று எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கை அரித்தது. சோறு இறங்கவில்லை. ஒரு இயந்திரம், அதுவும் தன்னுடைய பேச்சையே தனக்குத் திருப்பிச் சொல்கிற இயந்திரம், அதற்குப் போய் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டான். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் பச்சையாகட்டும், ஒரே அழுத்து, நிறைமதிக்கு எழுதிவிடலாம். அந்த ஒரு நினைப்பில்தான் நாளை ஓட்டினான்.

வேலை முடிந்து சிங்காநல்லூரில், வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

‘டீக்கடைல நிக்கறீங்க போல. அந்தக் கடைக்குக் கேமரா போட்டது நாங்கதான்! நீலச் சட்டை உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு. சாப்டீங்களா?’

கோமதிநாயகம் குனிந்து பார்த்தான். நீலச் சட்டைதான் போட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கடை முகப்பில் ஒரு கேமரா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது என்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, அவன்தான் பார்த்ததில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தான். நடக்கிறோம் என்று நினைத்தானே ஒழிய, கால் ஓடியது.

தெரியும், எல்லாம் தெரியும். போனின் கேமரா, போனின் இருப்பிடம், படிக்காமல் அழுத்திய சம்மதம். அருள் என்று உலகத்தில் ஆளே கிடையாது. இருந்தால் அது தான்தான். இவ்வளவும் புத்திக்குத் தெரிந்திருந்தும் முதுகுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கூசியது.

அவன் குடியிருக்கும் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே கால் வைக்கப் போனவன் கூரையைப் பார்த்தான். மூலையில் கேமராவின் கறுப்புக் கண். அதற்குப் பக்கத்தில் காற்றோட்டக் கம்பி. கம்பிக்கு மேல் இருட்டு. அந்த இருட்டில் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம் என்று ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். பத்து வருஷமாக லிஃப்ட்டில் பிழைக்கிற மனுஷன் அன்றைக்குப் படிக்கட்டில் ஏறினான்.

இரண்டாவது மாடி தாண்டும்போது பின்னால் காலடி கேட்டது. நின்று திரும்பினான். யாரும் இல்லை. ஏறினான், மறுபடி கேட்டது. மறுபடி திரும்பினான். மூன்றாவது தடவை திரும்பியபோதுதான் தெரிந்தது, அது அவன் செருப்புச் சத்தம். நிறைமதி எழுதிய அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். ஆனால் சிரிப்பு வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போனை எடுத்தான். அருளின் பெயருக்குக் கீழே பொத்தான் பச்சையாகியிருந்தது.

அழுத்தினால் இன்றைக்கே கணக்கு திறந்துவிடும். நிறைமதி ஊரைவிட்டுப் போவதற்குள் எழுதிவிடலாம். பொய்யாக ஒரு தடவை அழுத்துவதில் என்ன கெட்டுப்போகும்? இயந்திரத்தைப் போய்ப் பார்க்கவா போகிறான்? கட்டைவிரல் பச்சைக்கு மேல் வெகுநேரம் நின்றது. கீழே இறங்கவில்லை. இந்த ஆளைச் சந்திக்கலாம் என்று, விளையாட்டுக்குக்கூட, சுடர் சொல்ல மாட்டாள். சுடருக்குப் பயமாக இருக்கிறது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினான்.

காரணம் கேட்டது. எழுதினான்: ‘இவர் கெட்டவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் தெரிந்துவைத்திருக்கிறார். அதைப் பரிசு மாதிரி கொடுக்கிறார். நான் சந்தோஷப்படவில்லை என்றால் வருத்தப்படுவார். அந்த வருத்தத்துக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.’

கபிலனைத் தவிர மற்றவர்களுக்கும் ‘வேண்டாம்’ போட்டான். கபிலன் இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் மதியம் தமயந்தி கூப்பிட்டாள். மூக்கடைப்பு இன்னும் சரியாகவில்லை. கோமதிநாயகமும் அன்வரும் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னைய நானே வேண்டாம்னு அமுக்கிட்டேன் மேடம்” என்றான் அவன். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

“பாத்தேன் சார்.”

“மத்த ஒம்பது பேரு யாரு? அந்தக் காரு ஆளு, அந்த டியரு... அவங்களுக்கும் எங்கயோ இப்பிடி நடக்குதா? பாவமாத்தான் இருக்கு.”

“மத்தவங்கன்னு யாரும் இல்ல சார். பத்துப் பேரும் நீங்கதான்.”

“என்னது?”

“நாலு வருஷமா நீங்க எழுதினதுதான் எல்லாம். டியர்னு கூப்பிட்டு நம்பர் கேட்டது நீங்க சேர்ந்த ரெண்டாவது வருஷம். பழைய பொண்ணத் திட்டினது அதுக்கு அடுத்த வருஷம். சிரிக்காம படம் போட்டிருக்கீங்கன்னு ஒரு பொண்ணுகிட்ட சொன்னீங்களே, போன தீபாவளி சமயத்துல. காரு மட்டும் நாங்க மாத்தினது. உங்களோடது பைக்கு.”

அவன் மறுக்க வாயைத் திறந்தான். அதற்குள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துவிட்டது. கவிதைகூட ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அன்வரிடம் காட்டிக் காட்டிச் சிரித்தது எல்லாம் தன்னுடைய மூஞ்சியைத்தான் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

“ஒருத்தருக்கு மட்டும் நீங்க எதுவுமே அழுத்தல சார். கபிலன். மழை வரப்போற வானம்.”

“அதுவும் நானா?”

“நீங்க இதுல சேர்ந்த அன்னிக்கு எழுதின முதல் செய்தி அது. அந்தப் பொண்ணு பதில் சொல்லல. நீங்களும் மறுபடி எழுதல.”

அவனுக்கு அந்த வானம் நினைவிருந்தது. அந்தப் பெண் ஏன் பதில் சொல்லவில்லை என்று ஒரு வாரம் புழுங்கியதும் நினைவிருந்தது. பதில் வர வேண்டுமென்றால் இன்னும் அழுத்தமாக, இன்னும் அடிக்கடி எழுத வேண்டும்போல என்று அப்போதுதான் முடிவு கட்டினான். அவளுக்கு என்னவாயிற்று என்று இப்போது தெரிந்தது. அவள் வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. அவனைப்போலவே பிறகு பார்க்கலாம் என்று கீழே போயிருப்பாள்.

“இன்னொண்ணு சார். புகார் கொடுத்தவங்க, பயிற்சி முடிஞ்சதும் பேரச் சொல்லலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்க. நிறைமதி.”

மோட்டார் அறைக்குள் ஏதோ ஓடி நின்றது. யாரோ கீழே லிஃப்ட்டைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

“அவங்க... அவங்க சேலம் போறதால பேச்சு நின்னுச்சு மேடம். கோவம்லாம் எதுவும் இல்ல.”

“சேலத்துக்கு யாரும் மாத்தல சார். அவங்களா கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. லிஃப்ட்டுக்கு மேல நின்னேன்னு நீங்க எழுதின அன்னிக்குலேருந்து நாலு மாடியும் படியிலதான் ஏறி இறங்கினாங்களாம். முழங்கால் வீங்கிப் போச்சுன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் அந்தக் கட்டடமே வேண்டாம்னு ஆயிடுச்சாம்.”

மாசக் கடைசி, மாசக் கடைசி என்று இத்தனை நாள் அவன் எதைத் துரத்திக்கொண்டு ஓடினானோ, அதைக் கொண்டுவந்து வைத்ததே அவன்தான். அவள் போவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று தவித்தான். அவளோ அவன் பிடிப்பதற்குள் போய்விட வேண்டும் என்று தவித்திருக்கிறாள். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அன்வர் பார்க்காதவன் மாதிரி ஸ்பானரைத் துடைத்தான்.

“உங்க கணக்கத் திறந்துட்டோம் சார்” என்றாள் தமயந்தி. “யாரையும் சந்திக்கலாம்னு அழுத்தாதவங்களுக்கு நாளாகும்தான். நீங்க எழுதின காரணத்தப் படிச்சிட்டு மேல சீக்கிரமாவே ஒத்துக்கிட்டாங்க. அப்புறம், நிறைமதி மேடம் உங்ககிட்டேருந்து ஒரே ஒரு செய்தி வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம்வரைக்கும். அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்.”

போனை வைத்த பிறகு எழுத ஆரம்பித்தான். ‘என்னை மன்னிச்சிடுங்க.’ அனுப்புமுன் சுடராக இருந்து படித்துப் பார்த்தான். மன்னிக்க வேண்டிய வேலையை அவள் தலையில் கட்டுவதாக இருந்தது. அழித்தான். ‘நீங்க போக வேண்டாம்.’ அதுவும் அவளைத் துரத்துவதுதான். அழித்தான். ‘உங்க பக்கம் இனிமே நான் வர மாட்டேன், நீங்க தாராளமா லிஃப்ட்ல போகலாம்.’ லிஃப்ட்டில் போக அவளுக்கு அனுமதி கொடுக்க இவன் யார்? அதையும் அழித்தான். எதை எழுதினாலும் கடைசியில் அருள் வந்து நின்றான். ஒரு பதிலைக் கையேந்திக்கொண்டு நின்றான்.

அன்வர் பொட்டலத்தைப் பிரித்தான். “சாப்டியாடா?”

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தான். அன்வர் புரோட்டாவைப் பாதியாகப் பிய்த்து நீட்டிக்கொண்டிருந்தான். வேண்டாமென்றால் பேசாமல் தானே தின்றுவிடுவான்.

“பசிக்கல.”

“சரி” என்று அன்வர் தின்ன ஆரம்பித்தான்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு கோமதிநாயகம் சொன்னான்: “அன்வரு, அன்னைக்குப் பல் வலின்னு உங்கிட்ட வேலைய மாத்திக்கிட்டேன்ல. பல் வலி இல்ல.” எல்லாவற்றையும் சொன்னான். பெட்டிமேல் நின்றதையும் சொன்னான். அன்வர் மெல்லுவதை நிறுத்தினான். அன்வர் முகத்தில் அப்படி ஒரு கசப்பை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

“என் பொண்டாட்டி போற லிஃப்ட்டா இருந்தா உன்ன என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல” என்றான். கையிலிருந்த புரோட்டாவைக் கீழே வைத்துவிட்டு, “ஆபீஸ்ல நீயே சொல்லிடு. நான் சொல்ற மாதிரி வச்சுக்காத” என்றான்.

அன்று மாலை ஆபீசில் சொன்னான். அவனுடைய வட்டாரத்தை மாற்றினார்கள், ஒரு எச்சரிக்கை எழுதிக் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது செய்திப் பெட்டி திறந்தேதான் இருந்தது. வெற்றாக இருந்தது. எழுது, எழுது என்று உடம்பெல்லாம் பிடுங்கியது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். சிங்காநல்லூர் வருவதற்குள் பெட்டி மூடிக்கொண்டது. அவன் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பாததை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாததாக இருந்தது.

வீட்டுக் கட்டடத்தின் கீழே லிஃப்ட் வந்து நின்றது. மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் காய்கறிப் பையோடு உள்ளே ஏறி, அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாரும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் ஏறியிருப்பான். எந்த ஊர், என்ன வேலை, சமையல் ஆயிற்றா என்று மூன்று மாடிக்குள் கேட்டு முடித்திருப்பான்.

“நீங்க போங்க” என்று பின்னுக்கு நகர்ந்தான்.

அவள் சந்தேகமாகக் கூரையைப் பார்த்தாள். அவன் சட்டையில் லிஃப்ட் கம்பெனியின் பெயர் போட்டிருந்தது. “ஏனுங்க, லிஃப்ட் ரிப்பேருங்களா?”

“இல்லீங்க. நல்லா ஓடுது. பயப்படாம போங்க.”

கதவு மூடி, மேலே எண் மூன்று என்று காட்டி நிற்கும்வரை கீழேயே நின்றான். அப்புறம் படியேறினான்.